மாடத்தி குடல் திருப்பிய கதை

"சாமி, இன்னைக்கும் கிழிஞ்சு போயிட்டு."

மாடத்தி தூக்குவாளியைப் பூசாரி முன்னால் ணங்கென்று வைத்தாள். உள்ளே ஆட்டுக்குடல் துண்டு துண்டாகப் பிய்ந்து கிடந்தது.

பூசாரி பட்டவராயனுக்கு அவளைவிட வயது குறைவு. ஆனாலும் ஊரே அவனைச் சாமி என்றுதான் கூப்பிடும். கோயிலில் வெட்டுகிற கிடாவின் குடலைக் கழுவி, உள்ளே கறி அடைத்து, வேகவைத்துப் படையல் போடுவது அவன் வேலை. யாருக்கு என்ன மனக்கஷ்டம் என்றாலும் அவனிடம்தான் ஓடுவார்கள். அவன் யாருக்கும் நேராகப் பதில் சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. போனவர்கள் மறுபடியும் போவார்கள். அது என்ன மாயமோ!

"எப்படித் திருப்புனீய?" என்று கேட்டான்.

"உள்பக்கம் வெளிய வந்தாத்தான கழுவ முடியும்? குச்சிய விட்டுக் குத்தித் தள்ளுனேன். வரல. விரல விட்டுப் புடிச்சு இழுத்தேன். டர்ருன்னு போயிட்டு."

"அடைச்ச குடலு யாருக்கு?"

"மவளுக்கு. கனி வந்திருக்கா."

"நல்லதுதான?"

"என்னத்த நல்லது!"

மாடத்தி தூக்குவாளியைத் தள்ளி வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"மாப்பிள்ள கூட வரல. தனியா வந்து நிக்கா. துணிமணி பூராத்தையும் அள்ளிக்கிட்டு வந்துட்டா. என்னட்டி ஆச்சுன்னா, ஒண்ணுமில்லங்கா. அடிச்சானா? இல்ல. மாமியாக்காரி ஏசுனாளா? இல்ல. வேற எவளும் இருக்காளான்னுகூடக் கேட்டுப் பாத்துட்டேன். செவத்தப் பாத்துத் திரும்பி உக்காந்துக்கிட்டா. பயமா இருக்கு சாமி. ஒரு வாய்ச் சோறு எறங்கல. பிள்ள ஏதாச்சும் செஞ்சுக்கிடுவாளோன்னு கெணத்துப் பக்கம் போனாக்கூடப் பின்னாலயே போறேன்."

"அதுக்குக் குடலு எதுக்கு?"

"அவளுக்கு அடைச்ச குடலுன்னா உசுரு. ருசியா ஆக்கிப் போட்டு, மனசு எளகுன நேரமாப் பாத்து நைசாக் கேட்டுரலாம்னு..."



பக்கத்துச் சட்டியில் அன்றைக்கு வெட்டிய கிடாவின் குடல் கிடந்தது. பூசாரி அதில் ஒரு நுனியை எடுத்தான். சட்டைக் கையை மடக்குகிற மாதிரி ஓரத்தை மடக்கினான்.

"இந்த ஓரத்த மட்டும் புடிங்க. இழுக்கக் கூடாது."

மாடத்தி பிடித்தாள். 

செம்பில் தண்ணீர் மொண்டு, அந்த மடிப்புக்குள் ஊற்றினான்.

தண்ணீர் சேரச் சேர மடிப்பு பாரம் தாங்காமல் கீழே இறங்கியது. அது இறங்க இறங்க, சட்டியில் கிடந்த மிச்சக் குடல் தானாக ஏறி வந்து, வழுக்கிக்கொண்டு போய், உள்பக்கம் வெளியே திரும்பிவிட்டது.

"அடி ஆத்தாடி! நான் ஒண்ணுமே செய்யலியே!"

"செம்புல தண்ணி இருந்துச்சு. ஊத்துனோம்."

"சரி, குடலு திரும்பிட்டு. எம்மவளுக்கு என்ன செய்ய, சாமி?"

"எனக்குக் குடலப் பத்தித்தான் தெரியும்க்கா" என்று அவன் அடுப்பை ஊதப் போய்விட்டான்.

மாடத்திக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. இவனிடம் வந்து சொன்னேனே, என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று முனகிக்கொண்டே, அவன் கொடுத்த குடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

கொத்துக்கறி, ஈரல், மிளகு, சீரகம், ஒரு கை அரிசி. எல்லாவற்றையும் பிசைந்து குடலுக்குள் அடைத்தாள். இரண்டு முனையையும் நூலால் கட்டினாள். கனி அரிவாள்மனையில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். பிள்ளை தானாக எழுந்து வந்து வேலை செய்கிறாளே என்று மாடத்திக்கு ஒரு நப்பாசை.

நாக்கு சும்மா இருக்குமா?

"ஏட்டி, மாப்பிள்ள போனு கீனு..."

கனியின் தோள் விறைத்தது.

மாடத்தி அதைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். சட்டியை அடுப்பில் ஏற்றினாள். தண்ணீர் கொதித்து, குடல் புரண்டு புரண்டு வெந்தது. அதற்குமேல் கேட்க அவளுக்கு ஒன்றும் வரவில்லை. சொல்லத்தான் ஒன்று வந்தது.

"நானும் ஒருக்க இப்படி வந்தேன்ட்டி."

கனி நிமிரவில்லை.

"நீ அப்பம் பொறக்கல. உங்கய்யாகூட இருக்க முடியாதுன்னு பொட்டியத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்கு வந்துட்டேன். எங்கம்மா ஏன் வந்தேன்னு ஒரு வார்த்த கேக்கல. கோழி அடிச்சுக் கொழம்பு வச்சா. தல சீவிப் பூ வச்சு விட்டா. விடிஞ்சதும் கூட்டிக்கிட்டுப் போயி பஸ்ஸுல ஏத்தி விட்டுட்டா."

அரிவாள்மனையில் கை நின்றது.

"ஊரு வாரவரைக்கும் அழுதேன். பக்கத்துல இருந்த பொம்பள பாவம் பாத்து முறுக்கு தந்தா. அதத் தின்னுக்கிட்டே அழுதேன். இத நான் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல. உங்கய்யாட்டக்கூடச் சொன்னதில்ல."

அவ்வளவுதான் இருந்தது. சொல்லி முடித்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.



தலையைத் தூக்காமலே கனி கேட்டாள்.

"இதச் சாப்பிட்டப்பறம், என்னைய எப்பம்மா பஸ் ஏத்தி விடுவே?"

மாடத்தி அடுப்பை விட்டுத் திரும்பினாள். பாவி மகளே, இதையா மனசில் போட்டு வைத்திருந்தாய்!

"ஏத்த மாட்டேன்ட்டி."

"ஊர்ல கேட்டா?"

"எம்மவ எங்கிட்ட இருக்கான்னு சொல்லுதேன். போயி வேலையப் பாக்கச் சொல்லுதேன்."

கனி அரிவாள்மனையைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தாள். வெங்காயக் கையோடு அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள்.

"எம்மா, எல்லாம் கல்யாணத்து அன்னைக்கே தொடங்கிட்டும்மா" என்று சொல்ல ஆரம்பித்தாள்.