உரிக்காத உறை

தூத்துக்குடியில் நடந்தது என்பார் சிலர். திருச்செந்தூர் என்பாரும் உண்டு. கடைத்தெரு மாடியொன்றில் ஞானசிகாமணி கேமிங் சென்டர் நடத்திவந்தார். வாங்கிய கம்ப்யூட்டர் புத்தம்புதியது என்பதை ஊர் காணவேண்டுமென்று, அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் உரிக்கவேயில்லை. இளைஞர்களோ அவரது மாடிப்படிக்கு அடியில் வாடகைக்குக் கேம் கடை வைத்திருந்த முத்துப்பேச்சியின் பத்தாண்டுப் பழைய கம்ப்யூட்டர் பெட்டியையே மொய்த்தார்கள். அவருக்கு வயிறு எரிந்தது.

"ஏம்மா பேச்சி, மூவாயிரத்துக்குள்ள செலவழிச்சு உன் டப்பாவை என் பெட்டியோட மோதவிடு. தோத்தா கடையைக் காலி பண்ணு."

"சரி அண்ணாச்சி. ஆனா ரெண்டுலயும் ஒரே கேமை ஒரு மணி நேரம் நிறுத்தாம ஓட்டணும்."

அவள் பழைய சாமான் கடையில் வேகம் கூட்டும் ராம் மெமரி ஒன்று வாங்கினாள். பெட்டிக்குள் அப்பியிருந்த தூசியைத் தட்டி, இரண்டு புது விசிறிகளைப் பூட்டினாள்.

போட்டியன்று முதல் பத்து நிமிடம் அவருடையது பறந்தது. அவர் மீசையை முறுக்கினார். அரைமணியில் அது திக்கியது. பிறகு கொதித்து அணைந்தே போனது. பழையது ஓடிக்கொண்டிருந்தது.

"சூனியம் வெச்சுட்டா!"

"சூனியமில்ல அண்ணாச்சி. நான் காசு கொடுத்துக் காத்து வாங்கினேன். நீங்க சும்மா கிடைக்கிற காத்தைப் பிளாஸ்டிக் சுத்தி அடைச்சுட்டீங்க."

கூட்டம் சிரித்தது. அவர் உறையைக் கிழித்துத் தெருவில் எறிந்தார். மறுநாள் மழை. முத்துப்பேச்சியின் பெயர்ப்பலகை அந்த உறைக்குள் நனையாமல் பளபளத்தது. அதைக் கண்டும் ஞானசிகாமணிக்கு வயிறு எரிந்தது.