பெரியவர் சாப்பிடும் நேரம்

அந்த ஆற்றங்கரை மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பந்தியில் வயதில் மூத்தவர் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழ வேண்டும்.

அங்கே மூத்தவர் மாசிலாமணி அடிகள். பக்கவாதத்தில் அவருடைய வலக்கை பாதி விழுந்துவிட்டது. அவர் ஒரு கவளம் எடுத்து வாயில் வைப்பதற்குள் மற்றவர்கள் கையில் சாம்பார் காய்ந்துபோகும். மடத்தில் முணுமுணுக்கக் கூடாது என்பதால் எல்லோரும் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கூத்தபிரானுக்குப் பொறுக்கவில்லை. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்று மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். அந்த உத்தியோகம் பார்த்தும் எதையும் சட்டென்று முடித்துவிடுகிற அபூர்வப் பிறவி. குரு தில்லைவிடங்கர் வடக்கே யாத்திரை போயிருந்த சமயத்தில், அடிகளைக் கவனிக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். குளிப்பாட்டினார், வேட்டி கட்டிவிட்டார், உருண்டை பிடித்து ஊட்டினார். பந்தி மளமளவென்று முடிந்தது. எல்லோரும் அவரைக் கொண்டாடினார்கள்.

குரு திரும்பி வந்ததும் முதலில் அடிகளைத்தான் விழுந்து கும்பிட்டார். எழுந்தவர் அடிகளின் நெற்றியையே பார்த்தார்.

"திருநீறு இவ்வளவு நேரா இருக்கே. யாரு பூசினது?"

"அடியேன்தான் சாமி," என்றார் கூத்தபிரான். "அவருக்குக் கை நெத்தி வரைக்கும் வரமாட்டேங்குது."

"நான் போறப்ப வந்துச்சே."

குரு அடிகளின் வலக்கையைத் தூக்கிப் பிடித்து, மெல்ல விட்டார். அது மடியில் சரிந்தது.

"வேலை வாங்கலேன்னா இந்தக் கை அப்படியே நின்னுபோயிடும்னு வைத்தியர் சொன்னாரே, கூத்தபிரான்?"

"சொன்னார் சாமி. ஆனா அவர் படுற பாட்டைப் பார்க்க மனசு கேக்கல. வயசானவரைக் கஷ்டப்படாம பார்த்துக்கறதைவிடப் பெரிய தொண்டு என்ன இருக்கு?"



"பசிக்குது. இலை போடச் சொல்லுங்க," என்றார் குரு.

பந்தியில் கூத்தபிரானை அடிகளுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். "இன்னைக்கு நீங்க ஊட்ட வேண்டாம். சாப்பிடுங்க."

சாதம் விழுந்தது. அடிகள் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவருடைய கை மடியைவிட்டு எழுந்து இலைக்கு வந்தது.

கூத்தபிரானின் கையும் நீண்டது.

"உங்க இலை இந்தப் பக்கம் இருக்கு," என்றார் குரு.

முதல் கவளம் பாதி வழியில் மார்பில் கொட்டியது. இரண்டாவது இலையைவிட்டு எழவே இல்லை. கூத்தபிரானுக்குக் கண் கலங்கிவிட்டது. குருவை மனத்துக்குள் திட்டவும் செய்தார். மூன்றாவது கவளத்தில் பாதி வாய்க்குள் போனது. அடிகள் நிதானமாக மென்றார். முகம் சுளித்தார்.

"இன்னைக்கும் கூட்டுல உப்பே இல்லையே!"

கூத்தபிரான் திகைத்துப்போனார். "இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லலையே சாமி?"

"சொல்லலாம்னு வாயைத் திறந்தா, நீதான் அடுத்த உருண்டையை வச்சிடுறியேப்பா."

பந்தியே சிரித்தது. அடிகளும் சிரித்தார். அதில் வாயிலிருந்த சோறு கொஞ்சம் வெளியே வந்தது, அவர் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. உப்பைக் கொண்டுவந்து இலையோரம் வைத்தார்கள். அவரே தொட்டுக்கொண்டார். மோர் சாதத்துக்கு வருவதற்குள் வெயில் முற்றத்தைக் கடந்துவிட்டது. அன்று யாரும் பெருமூச்சு விடவில்லை.

எல்லோரும் எழுந்த பிறகு, கை கழுவும் இடத்தில் கூத்தபிரான் குருவிடம் வந்தார்.

"சாமி, இன்னைக்கு நான் அவருக்கு ஒண்ணுமே செய்யலையே."

"சும்மா உட்கார்ந்திருந்தது எப்படி இருந்துச்சு?"

"ஊட்டுறதைவிட ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு சாமி."

குரு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அப்ப ராத்திரிப் பந்திக்கும் அதையே செய்யுங்க."