ஐந்து பெட்டிக் கொலு

"மடத்தம்மா, என் வீட்டுல இடமே இல்லை" என்றாள் கோகிலாம்பாள்.

"வீட்டுல எத்தனை பேர்?"

"நானும் அவரும்."

"ரெண்டு பேருக்கா இடமில்லை?"

"இருநூத்திப் பதினாலு பொம்மை இருக்கே!"

மடத்தம்மா சிரிக்கவில்லை. காஞ்சிபுரத்துக் குளக்கரைச் சந்தில் ஒரு சின்ன மடம் அவள் பொறுப்பில் இருந்தது. அவளுக்கு வயது முப்பத்தெட்டு, கோகிலாம்பாளுக்கு ஐம்பத்தேழு. இருந்தாலும் மனசில் முள் தைத்தால் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஓடி வருவது இந்தச் சின்னவளிடம்தான். அவள் அறையில் ஒரு பாய், ஒரு குடம், ஆணியில் ஒரு மாற்றுப்புடவை. அவ்வளவுதான் சாமான்.

நவராத்திரி முடிந்து பதினோரு நாள் ஆகிவிட்டது. கோகிலாம்பாள் வீட்டில் ஒன்பது படியும் இன்னும் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றன. விஜயதசமியன்று வழக்கப்படி ஒரு பொம்மையைப் படுக்க வைத்ததோடு சரி. அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. கணவர் ஏகாம்பரமும் படிகளுக்கு அடியில் காலை நீட்டித் தூங்கப் பழகிவிட்டார்.

வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்பது முறை. கோகிலாம்பாள் முறைக்கு மேல் நாலு செய்கிறவள். மாமியார் விட்டுப்போனது, புனேவுக்குக் குடிபோன நாத்தனார் ஒப்படைத்துவிட்டுப் போனது எல்லாம் வேறு. பின்னறையில் ஐந்து டிரங்குப் பெட்டிகள். பொம்மை சுற்றுவதற்கு வேண்டும் என்று கிழிந்த வேட்டிகளைக்கூட அவள் வெளியே போடுவதில்லை.

"எடுத்து வெச்சுட வேண்டியதுதானே?"

"எங்க வைக்கிறது? வர்ற வெள்ளிக்கிழமை என் பொண்ணு யாமினிக்கு வளைகாப்பு. முடிஞ்ச கையோட தலைப்பிரசவத்துக்கு நான் கூட்டிட்டு வரணும். வரமாட்டேன்னுட்டா."

"ஏன்?"



"'அம்மா, நான் எங்க படுக்கிறது, மூணாவது படியிலயா?'ன்னு கேட்டா."



"இந்த வருஷம் நான் உங்க வீட்டுக் கொலுவுக்கு வரவே இல்லை" என்றாள் மடத்தம்மா.

*

மறுநாள் காலையில் வந்தாள்.

கோகிலாம்பாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மஞ்சள் குங்குமம் கொடுத்தாள். வெற்றிலை பாக்கோடு ஒரு ரவிக்கைத் துணியும் வைத்து நீட்டினாள்.

மடத்தம்மா துணியைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஓரத்துல மைக்கறை இருக்கு. போன வருஷம் நான் உங்களுக்குக் கொடுத்த துணி இது."

கோகிலாம்பாளுக்கு மானம் போயிற்று. கொலுவில் கைமாறும் ரவிக்கைத் துணியை யாரும் தைப்பதில்லை. ஊரெல்லாம் சுற்றி அது பழைய வீட்டுக்கே வந்து சேரும். ஆனால் அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதும் இல்லை.

"இது வேண்டாம். அந்தக் குறவன் குறத்தியைக் கொடுங்க."

கொலு பார்க்க வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. அதுவும் மடத்தம்மாவை! கோகிலாம்பாள் கொடுத்தாள்.

கதவைச் சாத்தித் திரும்புவதற்குள் தட்டும் சத்தம்.

"கொலு பார்க்க வந்தேன்" என்றாள் மடத்தம்மா.

"இப்பத்தானே வந்துட்டுப் போனீங்க?"

"வரக் கூடாதா?"

மறுபடி மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு. இந்தத் தடவை கிரிக்கெட் செட் போயிற்று. அடுத்த தடவை கல்யாண ஊர்வலம். நாலாவது தடவை கோகிலாம்பாள் சிரித்தாள். ஆறாவது தடவை அவளுக்குக் கோபம் வந்தது. ஒன்பதாவது தடவை கதவைச் சாத்தவே இல்லை.

பன்னிரண்டாவது தடவை மடத்தம்மா காய்கறிக்காரரின் தள்ளுவண்டியோடு வந்து நின்றாள்.

"பெட்டியில இருக்கிறதையும் பார்க்கணும்."

"பாருங்க! எல்லாத்தையும் பாருங்க!" என்று கோகிலாம்பாள் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்துவிட்டாள். வீம்புதான். படியில் இருந்ததும் பெட்டியில் இருந்ததும் வண்டியில் ஏறின. வீம்பிலும் கொடுத்தது கொடுத்ததுதானே.

கடைசியில் பத்துப் பொம்மையும் மரப்பாச்சி ஜோடியும் ஒரு மளிகைக்கடைச் செட்டியாரும் மிஞ்சினார்கள். தொந்தியும் தொப்பையுமாய்ச் செட்டியார், பக்கத்தில் செட்டியாரம்மா, முன்னால் குட்டிக் குட்டித் தட்டுகள். அந்தத் தட்டுகளில் நிஜ அரிசியும் துவரம்பருப்பும் போட்டு வைப்பது யாமினியின் வேலை. ஐந்து வயதிலிருந்து கல்யாணம் ஆகும் வரைக்கும் அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மடத்தம்மா செட்டியாரைக் காட்டினாள்.

"அது முடியாது. அது என் பொண்ணோடது."

"சரி" என்று சொல்லிவிட்டு மடத்தம்மா எழுந்தாள். வெறுங்கையோடு வாசலைத் தாண்டினாள். செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

 முப்பத்தொரு வருஷத்தில் அவள் வீட்டிலிருந்து யாரும் அப்படிப் போனதில்லை.

"நில்லுங்க!" என்று செட்டியாரைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

*

அதிலிருந்து மூன்றாம் நாள் கோகிலாம்பாள் மடத்துக்குப் போனாள். முகம் தொங்கிப்போயிருந்தது.

"கொடுத்தும் இடம் வரலை."

"பெட்டி காலியாச்சா?"

"ஆச்சு."

"அப்புறம்?"

கோகிலாம்பாள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"காலியா கிடக்கேன்னு, கொலுவுக்கு வந்த ரவிக்கைத் துணி, பிளாஸ்டிக் கூடை, குங்குமச்சிமிழ் எல்லாத்தையும் அதுல எடுத்து வெச்சேன். அஞ்சு பெட்டியும் நிறைஞ்சுபோச்சு."

இந்தத் தடவை மடத்தம்மா சிரித்தாள். நன்றாகவே சிரித்தாள்.

"இன்னொண்ணு" என்றாள் கோகிலாம்பாள். "அந்தச் செட்டியாரை மட்டும் திருப்பிக் கொடுத்துடுங்க. ரெண்டு நாளா சோறு இறங்கலை."

"உள்ள வந்து எடுத்துக்குங்க."

அறைக் கதவு பாதிதான் திறந்தது. அதற்கு மேல் ஒரு யானை தடுத்தது. கோகிலாம்பாள் உடம்பை ஒருக்களித்து உள்ளே நுழைந்தாள்.

தரை தெரியவில்லை. கல்யாண ஊர்வலம் சுவரோரம் முட்டிக்கொண்டு நின்றது. தசாவதாரத்தில் மூன்று அவதாரம் குடத்தின்மேல் இருந்தன. கிரிக்கெட் ஆடுகிறவர்கள் கிருஷ்ணர் காலடியில் ஆடினார்கள். ஜன்னலில் செட்டியார் வியாபாரத்துக்கு உட்கார்ந்திருந்தார். மூலையில், சுருட்டிய பாய் நட்டுக்குத்தலாக நின்றது.

கோகிலாம்பாள் பாயைப் பார்த்தாள்.

"மடத்தம்மா, நீங்க எங்க படுக்கிறது?" என்றாள்.

கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவளுக்கு உறைத்தது.

நின்ற இடத்திலேயே அழுதாள். உட்கார இடமில்லை.

மடத்தம்மா அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு குங்குமச்சிமிழை நீட்டினாள்.

"என் கொலுவுக்கு முதல்ல வந்திருக்கிறது நீங்கதான். வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். எது வேணும்?"

கோகிலாம்பாள் செட்டியாரைப் பார்த்தாள். திரும்பிப் பாயைப் பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள்.

"அந்தப் பாயை விரிக்கிற இடம் வேணும்."

"எடுத்துக்குங்க" என்றாள் மடத்தம்மா.

*

அன்று மத்தியானம் குளக்கரைச் சந்தில் போனவர்கள் யாரும் தப்பவில்லை.

"கொலுவுக்கு வாங்க! கொலுவுக்கு வாங்க!" என்று மடத்து வாசலில் நின்று கூவினாள் கோகிலாம்பாள்.

"நவராத்திரிதான் முடிஞ்சுபோச்சே?" என்றாள் ஒரு கீரைக்காரி.

"எனக்கு இன்னைக்குத்தான் ஆரம்பம். இந்தா, எது வேணும் சொல்லு."

கீரைக்காரிக்குக் கல்யாண ஊர்வலம். தபால்காரருக்குக் கிரிக்கெட் செட். யானையை ஆட்டோக்காரர் ஒருவர் பின்சீட்டில் பயணி மாதிரி உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். தசாவதாரத்தைப் பிரிக்கக் கூடாது என்று நாலு பேர் சண்டை போட்டு, கடைசியில் பள்ளிக்கூடத்து ஆயா ஜெயித்தார். வாங்கின ஒவ்வொரு முகமும் மலர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்கக் கோகிலாம்பாளுக்குக் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. இத்தனை வருஷம் கொலு வைத்ததில் இவ்வளவு சந்தோஷத்தை அவள் கண்டதில்லை.

கடைசியில் ஜன்னலில் செட்டியார் மட்டும்.

சீருடை போட்ட ஒரு சின்னப் பெண் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வேணுமாடீ?"

அவள் தலையாட்டினாள். பிறகு தட்டைத் தொட்டுக் காட்டி, "இதுல நிஜ அரிசி போடலாமா?" என்று கேட்டாள்.

கோகிலாம்பாள் செட்டியாரை ஜன்னலிலிருந்து எடுத்தாள்.

"போடு கண்ணு. பருப்பும் போடு."

கொடுத்துவிட்டு உள்ளே பார்த்தாள். மடத்தம்மா பாயை விரித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது.

கோகிலாம்பாள் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் கூடையோடு திரும்புகிறவள், வெறுங்கையோடு வருவதைப் பார்த்துத் தெருவே அதிசயப்பட்டது.

*

புதன்கிழமை சாயங்காலத்துக்குள் ஒன்பது படியும் பிரிந்தன. ரவிக்கைத் துணிகள் தையல் பழகும் பெண்களுக்குப் போயின. பிளாஸ்டிக் கூடைகளைப் பூக்காரிகள் பங்குபோட்டுக்கொண்டார்கள். மிஞ்சிய பத்துப் பொம்மையும் மரப்பாச்சி ஜோடியும் ஒரு பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அது ஏகாம்பரத்தின் கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மற்ற நாலு பெட்டியும் காலியாக நின்றன. கோகிலாம்பாள் அவற்றை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"யோவ் தள்ளுவண்டி!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். "இந்தப் பெட்டிங்களை எடுத்துட்டுப் போ! உடனே!"

பின்னறையைக் கழுவிவிட்டாள். சிவப்புத் தரை என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. அறை நடுவில் மல்லாக்கப் படுத்துக் கையையும் காலையும் நீட்டிப் பார்த்தாள். எங்கும் இடிக்கவில்லை. படுத்தபடியே யாமினிக்குப் போன் போட்டாள்.

"என்னம்மா?"

"ஒண்ணும் இல்லடீ. வளைகாப்புக்கு என்ன புடவை எடுத்து வெச்சிருக்கே?"

"அம்மா, நீ எங்க இருக்கே? பேசுறது எதிரொலிக்குது."

"நம்ம வீட்டுலதான். பின்ரூம்ல."

 கோகிலாம்பாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை" என்றாள் யாமினி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எத்தனை மணிக்கும்மா கார் கொண்டு வருவே?"