ஆளுக்கு எவ்வளவு இடம்

வடசென்னையில், துறைமுகத்துக்குப் பின்பக்கம், ஆட்டோ நுழைந்தால் திரும்ப முடியாத ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் மடம். மடம் என்றதும் யானை, பல்லக்கு என்று நினைத்துவிடாதீர்கள். வாசலிலிருந்து பார்த்தால் ஒரு கூடம், பெரிய சாமியின் சமாதி, ஒரு அடுப்படி. அடுப்படி என் பொறுப்பு.

இப்போதைய சாமியின் பெயர் வேதகிரி. நாற்பது வயதுகூட ஆகவில்லை. பெரிய சாமிக்குப் பிறகு இவர் வந்து உட்கார்ந்தபோது, இந்தப் பிள்ளையா நமக்குக் குரு என்று சிலர் முகம் சுளித்தார்கள். தணிகாசலம் சுளிக்கவில்லை. அவர் தலை முழுக்க நரைத்தவர், பேரன் எடுத்தவர். ஆனாலும் சாமி காலில் விழும்போது வயசைப் பார்த்ததே இல்லை.

தணிகாசலத்துக்கு அரசாங்க உத்தியோகம். பட்டணத்தில் எந்த வார்டில் எத்தனை ஜனம், ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை பேர் இடித்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று கணக்குப் போடுகிற வேலை. அதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்பார்கள். அந்த வருஷம் பதவி உயர்வும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் குருபூஜை அன்னதானத்தைத் தன் உபயமாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் மடத்தில் உபயம் எடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பணத்தைக் கட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியாது. சாப்பிட வருகிற ஒவ்வொருவரையும் உபயகாரர் வாசலில் நின்று கும்பிட்டு அழைக்க வேண்டும். உள்ளே கூட்டிக்கொண்டு போய், இதுதான் உங்க இடம், உக்காருங்க என்று இலையைக் காட்ட வேண்டும். கலெக்டரே உபயம் எடுத்தாலும் அதுதான் வழக்கம்.

குருபூஜைக்கு முதல் நாளே தணிகாசலம் வந்துவிட்டார். முகமே சரியில்லை. பதவி உயர்வு வந்த மனுஷன் மாதிரியா இருக்கீங்க என்று கேட்டேன். நேராகச் சாமியிடம் போய், பையிலிருந்து பெரிய வரைபடம் ஒன்றை எடுத்து விரித்தார்.

ஊர் மொத்தமும் வார்டு வார்டாகப் பிரித்துச் சிவப்புப் பூசியிருந்தது. நெரிசல் கூடினால் நிறம் கருஞ்சிவப்பு, குறைந்தால் வெளிர்சிவப்பு. நம்ம வார்டு எங்கே என்று நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் ஜாஸ்தியாகிப் போன ரோஸ்மில்க் மாதிரி ஓரமாகக் கிடந்தது. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அன்றைக்குக் காலையில்தான் குழாயடியில் குடம் வைக்க இடமில்லாமல் திரும்பி வந்திருந்தேன்.

அவர் சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். பிரசவ ஆஸ்பத்திரி இனிமேல் நெரிசலான வார்டில்தான் இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதாம். எங்கள் தெருமுனை ஆஸ்பத்திரியை மூடிவிட்டு, பாலத்துக்கு அந்தாண்டை வேறொரு வார்டில் திறக்கப் போகிறார்களாம். அதற்கு ஆதாரம் இவர் போட்ட கணக்கு. திங்கட்கிழமை இவர் கையெழுத்துப் போட்டால் காரியம் முடிந்தது.

அந்தப் பாலத்தில் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் ஒரு சைக்கிள்கூடப் போக முடியாது. வலி எடுத்த பெண்ணை வைத்துக்கொண்டு அங்கே யார் என்ன செய்வது?

வருகிற வழியில் குழாயடிப் பெண்கள் அவரை நிறுத்திக் கேட்டார்களாம். ஆஸ்பத்திரியைத் தூக்குகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறதே, நீங்கள் கவர்மெண்ட் ஆள்தானே, கொஞ்சம் கேட்டுச் சொல்லக் கூடாதா என்று. விசாரிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"கணக்குல தப்பு ஏதாவது இருக்குதா?" என்றார் சாமி.

"ஒண்ணுகூட இல்ல சாமி. ஜனத்தொகைய வார்டோட பரப்பால வகுக்கணும். அதான் விதி. வகுத்திருக்கேன்."

"அந்தப் பரப்புக்குள்ள என்னென்ன வருது?"

தணிகாசலம் தயங்கினார். அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கன்டெய்னர் அடுக்குகிற யார்டு. கூட்ஸ் வண்டி நிற்கிற தண்டவாளங்கள். அதையும் தாண்டி, நாய்கூடப் போகாத சதுப்பு நிலம். இத்தனைக்கும் ஓரத்தில் ஒரு துண்டு இடம், அதில்தான் மொத்த ஜனமும்.

"அதையெல்லாம் கழிச்சுட்டுப் போட்டா?"

"போட்டுப் பார்த்தேன் சாமி. வீட்டுல, தனியா." அவர் தலை நிமிரவில்லை. "ஊர்லயே நெரிசலான வார்டு இதுதான்."

"அதை ஏன் எழுதல?"

"யாரும் கேக்கல."

அவரே தொடர்ந்து பேசினார். எல்லா வார்டுக்கும் இதே விதிதான், இதற்கு மட்டும் மாற்றினால் மேலே உள்ளவர்கள் ஆயிரம் கேள்வி கேட்பார்கள், புதுப் பதவியில் உட்கார்ந்த உடனே வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன் என்றார். தன் நாற்காலியில் வேறொருத்தர் இருந்தாலும் இதே எண்தான் வரும் என்றும் சொன்னார்.

"அவரு இங்க வரலையே" என்றார் சாமி.

தணிகாசலம் வரைபடத்தின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, கேட்க வந்ததைக் கேட்டார்.

"நான் பொய் எழுதல சாமி. விதிப்படிதான் செஞ்சேன். அப்புறம் ஏன் இப்படிக் கூசுது?"

சாமி வரைபடத்தை மடித்து அவர் கையில் கொடுத்தார். கேள்வியே காதில் விழாத மாதிரி, நாளைய அன்னதானத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மடத்துக்கும் அதே மாதிரி ஒரு கணக்குப் போட்டுக் கொடுங்கள், ஆளுக்கு எவ்வளவு இடம் வருகிறது பார்ப்போம் என்றார்.

அளக்கிற டேப்பின் மறுமுனையைப் பிடிக்க நான்தான் அகப்பட்டேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருக்கிறது, இந்த வேலை எனக்கு எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே பிடித்தேன். கூடம் ஆயிற்று, சமாதி ஆயிற்று, அடுப்படி ஆயிற்று. பின்வாசல் கதவைத் திறந்தோம்.

பின்னால் குளம். எங்கள் மடத்து நிலத்தில் முக்கால்வாசி அதுதான். ஆழமான குளம், யாரும் இறங்க மாட்டார்கள். தணிகாசலம் கரையில் நின்றுவிட்டார். இதை விட்டுவிடலாமா என்று கூடவே வந்த சாமியிடம் கேட்டார். உங்கள் ஆபீஸ் வழக்கம் என்ன என்று சாமி திருப்பிக் கேட்டார்.

"எல்லைக்குள்ள இருந்தா சேர்த்துக்கணும்."

"அப்ப சேர்த்துக்குங்க."

அவருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். மக்கு இல்லையே அவர். முகம் கறுத்துச் சுருங்கிப் போனது. ஆனாலும் குளத்தைச் சுற்றி வந்து அளந்தார். வருஷா வருஷம் குருபூஜைக்கு வருகிற கூட்டத்தை என்னிடம் கேட்டு, அதை வைத்துக் கணக்கும் போட்டார். ஒரு ஆளுக்குப் பாய் விரித்துப் புரண்டு படுக்கிற அளவுக்கு இடம் வந்தது.

சாமிக்கு ஒரே மகிழ்ச்சி. இவ்வளவு தாராளமாக இடம் இருக்கும்போது எதற்கு நாலைந்து பந்தி, நாளைக்கு ஒரே பந்தியில் எல்லாரையும் உட்கார வைத்துவிடலாம் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தச் சாமிக்கு என்ன பைத்தியமா என்று வாய்வரை வந்தது, முழுங்கிக்கொண்டேன்.

"கூடம் கொள்ளாது சாமி" என்றார் தணிகாசலம், மெதுவாக.

"கணக்கு கொள்ளுதே ஐயா."

மறுநாள் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார் தணிகாசலம். வந்தவர்களையெல்லாம் கும்பிட்டார், கூட்டிப் போனார், இடத்தைக் காட்டினார். முதல் வரிசை கௌரவமாகத்தான் உட்கார்ந்தது. அப்புறம் வரிசைக்கு நடுவில் இன்னொரு வரிசை போட வேண்டி வந்தது. அதற்கும் நடுவில் இன்னொன்று. ஒருத்தர் இலையின் நுனி அடுத்தவர் இலைமேல் ஏறியது. பிள்ளைகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பரிமாறுகிறவர்களுக்கு நடக்க வழி இல்லாததால் சாம்பார் வாளி தலைக்கு மேல் கைமாறிப் போனது. ஒரு பெரியவர் தூணைக் கட்டிக்கொண்டு, இலையை மடித்து உள்ளங்கையில் ஏந்திச் சாப்பிட்டார்.

ஒருத்தர்கூடச் சண்டை போடவில்லை. கொஞ்சம் தள்ளிக்கோம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்று அவர்களே ஒருவரையொருவர் நகர்த்திக்கொண்டார்கள். ஒற்றை அறை வீட்டில் ஏழு பேர் படுத்து எழுந்து பழகிய ஜனத்துக்கு இது ஒரு பெரிய விஷயமா?

அதுதான் தணிகாசலத்தைப் போட்டு வதைத்தது. நாலு பேர் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவர்களோ அவர் பக்கத்தில் போகிறபோதெல்லாம் அவரை வாழ்த்தினார்கள். குழாயடிக்காரி ஒருத்தி சோற்றுக்கையோடு அவரை நிமிர்ந்து பார்த்து, ஆஸ்பத்திரி விஷயம் கேட்டீங்களா சார் என்றாள். அவர் என்னவோ முனகினார். அதற்கே அவள், எங்களுக்காக அலையறீங்க, உங்க குடும்பம் நல்லா இருக்கணும் என்று சொல்லிவிட்டாள். பாவம் அந்த மனுஷன், ஓடி ஒளிய ஒரு மூலை கிடைக்காதா என்று பார்த்தார். கூடத்தில் மூலைகூடக் காலியாக இல்லை.

கடைசியில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று என்று நினைத்தோம். கூடத்தின் தலைமாட்டில் சாமி இருந்தார். அவர் பக்கத்தில் உபயகாரருக்கு ஒரு தலைவாழை இலை. அது ஒன்றுதான் காலி. தணிகாசலம் அதை நோக்கி நடந்தார்.

அப்போது ரெஜினா வந்து சேர்ந்தாள். பக்கத்துச் சந்துக்காரி. நிறைமாசம், இன்றைக்கோ நாளைக்கோ என்று இருப்பவள். மூடப்போகிற அந்த ஆஸ்பத்திரியில்தான் பேர் பதிந்திருக்கிறாள். ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க வாசற்படி ஏறி நின்றாள். தாமதமாகிவிட்டது, தப்பா நினைக்காதீங்க என்றாள்.

தணிகாசலம் திரும்பிப் போய்க் கும்பிட்டார். வாங்கம்மா என்றார். அதற்கப்புறம் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. கூடத்தைப் பார்த்தார். இன்னொரு இலை போட இடமில்லை.

நான் அவளை அடுப்படிக்குக் கூப்பிடலாம் என்று எழுந்தேன். சாமி என்னை ஒரு பார்வை பார்த்தார், நின்றுவிட்டேன். அந்த நேரம் எனக்குச் சாமி மேல் கெட்ட கோபம். வயிற்றுப்பிள்ளைக்காரியை நிறுத்தி வைத்துக்கொண்டு என்ன விளையாட்டு இது என்று மனசுக்குள் திட்டினேன்.

தணிகாசலம் அவளை அழைத்துக்கொண்டு, சம்மணம் போட்டவர்களின் முழங்காலை மிதிக்காமல் ஓரமாகவே சாமி பக்கம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. தன் இலையைக் காட்டினார்.

"இது என் இடம். இங்க உக்காரும்மா. நான் அப்புறம் பார்த்துக்கறேன்."

சாமி கையை நீட்டி அந்த இலையை மறைத்தார். குரல் உயரவில்லை.

"உங்க இடத்தை நீங்க தானம் பண்ண வேணாம் ஐயா. அவங்களுக்குன்னு ஒரு இடம் உங்க கணக்குல இருக்குது. அதைக் காட்டுங்க."

பின்வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. அதற்கு வெளியே, கணக்கில் சேர்த்த குளம். ரெஜினாவுக்கு ஒன்றும் தெரியாது. சாமியே சொல்கிறார், நமக்கும் எங்கேயோ இடம் போட்டிருக்கிறார்கள் என்று சிரித்த முகமாகத் தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"எங்க சார்?"

தணிகாசலம் குளத்தைப் பார்த்தபடி நின்றார். அவள் இன்னொரு தடவை கேட்டாள்.