கீழிலை

“சாமி, வாழை நம்ம கையை விட்டுப் போயிரும் போலிருக்கு” என்று வந்து நின்றார் ஆவுடையப்பன்.

மடத்துத் தோட்டத்துக்கும் பந்திக்கும் அவர்தான் பொறுப்பு. சாமியைவிட வயதில் மூத்த சீடர். குறை சொல்வதில் அவரை யாரும் முந்த முடியாது.

“என்ன செய்யுது?”

“கீழிலை ஓரமெல்லாம் மஞ்சளாகித் தீஞ்சு போகுது. நோய் பரவிரும்னு அறுத்துப் போடுதேன். உடனே அதுக்கு மேல உள்ள இலை மஞ்சளாகுது.”

“குருத்து?”

“அது பச்சைப்பசேல்னு இருக்கு.”

“மண்ணுல சாம்பல் சத்து இல்ல. பிறகு குருத்துக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?”

“வேருலேருந்தா, சாமி?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“கீழிலை தன்கிட்ட உள்ளதைக் குருத்துக்குக் குடுத்துட்டுக் காயுது. குடுத்து முடிக்குமுன்ன நீரு அறுக்கீரு. நோய் இலைக்கு இல்ல வே. பசி மரத்துக்கு. அடுப்புச் சாம்பலை அள்ளி வேரைச் சுத்திப் போடும். பத்தாட்டா பொட்டாஷ் உரம் வாங்கும்.”

இவ்வளவுதானா என்று ஆவுடையப்பனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், காலையில் தான் செய்த காரியத்தையும் சொல்லி நல்ல பேர் வாங்கிக்கொள்ள நினைத்தார்.

“நம்ம சமையக்காரி சண்முகவடிவு அடுப்படியில அடிக்கடி மயங்கி விழுதா, சாமி. ஆளும் துரும்பா இளைச்சுட்டா. ஒட்டுவாரொட்டி நோயா இருந்தா பந்திக்கு ஆகாதேன்னு ஊருக்குப் போகச் சொல்லிட்டேன். இப்பதான் துணிமூட்டையோட பஸ்ஸுக்குப் போறா.”

சாமி எழுந்துவிட்டார்.

“இந்த மாசம் மடத்துக்கு அரிசி எப்படி வந்துச்சு?”

“கொறச்சல்தான். மழை இல்லையே.”

“உமக்குச் சோறு கொறஞ்சுதா?”

“அதெப்படிக் கொறையும்? நேத்துக்கூட வேண்டாம் வேண்டாம்னேன், வடிவுதான் மறுசோறு…”



“எல்லாரும் எழுந்திரிச்ச பிறகு, அவ தனக்கு இலை போட்டு உக்காந்ததைப் பாத்தீரா?”

அவர் யோசித்துப் பார்த்தார். நேற்று இல்லை. அதற்கு முந்தின நாளும் இல்லை. எச்சில் இலைகளை எடுத்துப் போடுகிறவர் அவர்தான். அவள் இலை ஒன்றைக்கூட அவர் எடுத்ததாக நினைவில்லை.

“பாக்கலையே, சாமி” என்றார்.

“இன்னும் நிக்கீரே, பஸ் வந்துரும் வே.”