பீர்க்க இலையில் வெள்ளைக் கோடு

பூச்சிகளும் செடிகொடிகளும் வாயாடிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் சிறுவாயி என்று ஓர் ஈ இருந்தாள். எள்ளளவுதான் இருப்பாள். இலைமேல் முட்டையிடுவாள், புழு வெளியே வந்ததும் குளவி குத்திக் கொன்றுவிடுவாள். இரண்டு ஈத்துப் பிள்ளைகள் அப்படியே போயின.

மூன்றாம் முறை வயிறு கனத்தபோது பீர்க்கங்கொடியிடம் போனாள்.

“அக்கா, உன் இலைக்கு மேலே ஒரு தோல், கீழே ஒரு தோல். நடுவில் என் பிள்ளைகளுக்கு இடம் கொடேன்.”

“கொடுத்தால் சதையைத் தின்னுமே?”

“தின்னும். தோலைத் தொடாது. வளர்ந்ததும் மண்ணுக்கு இறங்கிவிடும்.”

“சரி. ஆனால் பச்சைக்குள்ளே போனால் நீயும் பார்க்க முடியாது, சொல்லிவிட்டேன்.”

சிறுவாயி இலையைக் கீறி எட்டு முட்டைகளை உள்ளே செருகினாள். மூன்று நாள் பொறுத்தாள். பொரித்ததா, பசியோடு கிடக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை.

“அக்கா, பிள்ளை தின்ற தடத்தை மட்டும் வெளுத்துக் காட்டேன்.”

“உனக்குத் தெரிந்தால் குளவிக்கும் தெரியுமடி.”

“வரட்டும். நான் காவல் இருக்கிறேன்.”

“நீ? காவல்?” என்று சிரித்தது கொடி. ஆனாலும் காட்டியது. மயிரிழையாய்த் தொடங்கிய வெள்ளைக் கோடு, பிள்ளை பெருக்கப் பெருக்கத் தடித்துக்கொண்டே போனது. சிறுவாயிக்கு வயிறு குளிர்ந்தது.

மறுநாளே குளவி வந்தாள். “யார் வீட்டுக் கோலம் இது?” என்று கோட்டின் மேலேயே நடந்தாள். காவல்காரி பாய்ந்துபோய்ப் பீர்க்கம்பூவுக்குள் பதுங்கினாள். முதுகில் மஞ்சள் பூந்தூள் பொட்டாய் ஒட்டிக்கொண்டது.

“நேரே போகாதே கண்ணு. வளை, திரும்பு, இன்னும் திரும்பு” என்று பூவுக்குள்ளிருந்து குரல் மட்டும் கொடுத்தாள்.

பிள்ளைகள் வளைந்தன, திரும்பின. குளவியின் ஊசி பல இடத்தில் வெறும் இலையில் இறங்கியது. ஐந்து இடத்தில் தப்பவில்லை. மிஞ்சிய மூன்றும் இலையைவிட்டு மண்ணில் விழுந்து, பழுப்பு மணியாய்ச் சுருண்டு, பத்தாம் நாள் சிறகோடு எழுந்தன. மூன்றின் முதுகிலும் அம்மா முதுகில் ஒட்டியிருந்த அதே மஞ்சள் பொட்டு.

“இனியாவது கோட்டை மறைத்துவிடவா?” என்றது கொடி.

சிறுவாயி அடுத்த ஈத்துக்கு இலையைக் கீறத் தொடங்கினாள். பிறகு, “வேண்டாம் அக்கா. பார்க்காமல் இருக்க என்னால் ஆகாது” என்றாள்.

பீர்க்க இலையில் வெள்ளைக் கோடு கிறுக்கிக் கிடப்பதும், அதைப் பிடித்துக்கொண்டே குளவி வருவதும் அன்று முதல்தான்.