திரைக்கு அந்தப் பக்கம்

ஈரானை ஷா மன்னர் ஆண்ட காலம் அது. தப்ரீஸ் நகரில், கம்பளச் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேர் தலைமறைவாக இருந்தார்கள். மூவரும் மன்னராட்சியைக் கவிழ்க்கப் புறப்பட்ட இடதுசாரி இயக்கத்தினர்.

மாஹ்ரூ ஒரு காலத்தில் கல்லூரியில் வரலாறு நடத்தியவர். சிறைக்குப் போய் மீண்டவர். கயூமர்ஸ் அவரிடம் அரசியல் படித்தவன். இப்போது அந்த வீட்டுக்கு அவன்தான் பொறுப்பாளன். அக்கம்பக்கத்தாருக்கு அவர்கள் அக்காவும் தம்பியும்.

மூன்றாமவன் நாதிர். அப்படி ஒருவன் அங்கே இருப்பதே வெளியே தெரியாது. அறையின் நடுவே தொங்கிய தடித்த திரைக்குப் பின்னால் அவனுடைய வாசம். இயக்கத்தில் அது வழக்கம். வேறு வீட்டிலிருந்து வருகிறவரைக் கண்ணைக் கட்டி அழைத்துவருவார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. அவர் முகத்தையும் யாரும் பார்க்கக் கூடாது. பிடிபட்டு அடி தாங்காமல் வாயைத் திறந்தாலும், சொல்வதற்கு ஒரு முகமோ தெருவோ அவரிடம் இருக்காது. தேநீர்கூடத் திரைக்கு அடியில்தான் நகர்ந்துபோகும்.

நாதிர் முன்பு இருந்த வீட்டைப் போலீஸ் வளைத்துவிட்டது. யாரோ காட்டிக்கொடுத்திருந்தார்கள். நாதிரைப் பற்றி விசாரித்துச் சொல்லும்படி தலைமை கயூமர்ஸுக்குச் சொல்லி அனுப்பியது. இன்று மாலை அவன் பதிலைக் கேட்டுப்போகத் தலைமையின் ஆள் வருவான். சரியில்லை என்று கயூமர்ஸ் சொன்னால், நாதிரை மலைப்பாதைக்கு அழைத்துப்போவார்கள். போன குளிர்காலத்தில் வேறொருவரை அப்படி அழைத்துப்போனார்கள். கூடப் போனவர்கள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

மாலை நெருங்கும் நேரத்தில் மாஹ்ரூ தேநீர் ஊற்றினார். ஒரு கோப்பையைத் திரைக்கு அடியில் தள்ளிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கயூமர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“துரோகியை எப்படிக் கண்டுபிடிப்பது, தோழர்?”

“நீ கண்டுபிடித்ததை முதலில் சொல்.”

அவன் சொன்னான். அந்த வீட்டில் எல்லோரும் மாட்டிக்கொள்ள, நாதிர் மட்டும் எப்படித் தப்பினான்? போதாக்குறைக்கு அவன் பேச்சும் சரியில்லை. இயக்கத்தின் துண்டறிக்கையில் உலகத்து அநியாயமெல்லாம் இருக்கிறதாம், மண்ணெண்ணெய் விலை பற்றி ஒரு வரி இல்லையாம். அதனால் தொழிலாளிகள் அதில் ரொட்டியைச் சுற்றி எடுத்துப்போகிறார்களாம். துப்பாக்கி ஏந்தப் பயந்து வெளிநாட்டுக்கு ஓடிய பழைய இடதுசாரிக் கட்சிக்காரர்கள் பேசுகிற பேச்சு இது. உள்ளே இருந்தே நம்மைக் கலைக்கப் பார்க்கிறான்.

“அவன் அதைச் சொன்னபோது நீயும் சிரித்தாயே.”

“நான் சிரித்தது வேறு.”

“சரி. அப்புறம்?”

“காலையில் ரொட்டி வாங்கி வந்ததிலிருந்து கவனிக்கிறேன். ஓர் இருமல் இல்லை. புரண்டு படுக்கவில்லை. மனதில் களங்கம் இல்லாதவன் இப்படியா கிடப்பான்? மூச்சை அடக்கிக்கொண்டு நாம் பேசுவதைக் கேட்கிறான்.”

“இப்போதுமா?”

கயூமர்ஸ் காதைத் தீட்டிக்கொண்டான். “இப்போதும்தான். இதோ, திரையோரம் நகர்ந்து வந்துவிட்டான். பாய் சரசரக்கிறது.”

“நன்றாகக் கேட்கிறதா?”

“மாலையில் வருகிறவனிடம் அடித்துச் சொல்லும் அளவுக்கு.”

மாஹ்ரூ எழுந்துபோய்த் திரையை ஓரமாக இழுத்தார். அந்த வீட்டில் அதுவரை யாரும் செய்யாத காரியம். பழக்கதோஷத்தில் கயூமர்ஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

திறந்தபோது, மடித்துவைத்த கம்பளி தெரிந்தது. பாய் சுருட்டிச் சுவரில் சாத்தியிருந்தது. தொடாத தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லை.

“நீ ரொட்டிக்கடை வரிசையில் நின்றபோது அனுப்பிவிட்டேன்” என்றார் மாஹ்ரூ.

அவனுக்குக் காது மடல் சூடேறியது. தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிவு வெகுநேரம் நிற்கவில்லை.

“எங்கே அனுப்பினீர்கள்?”

மாஹ்ரூ மறுத்துத் தலையசைத்தார்.

“யாரைக் கேட்டு அனுப்பினீர்கள்?”

“யாரையும் கேட்கவில்லை.”

“ஆளில்லாத இடத்தில் தேநீர் வைத்தீர்களே. என்னை ஏமாற்றத்தானே?”

“ஆமாம்.”

கயூமர்ஸ் அவரை உற்றுப் பார்த்தான். எத்தனையோ பாடங்களை அந்த முகத்தைப் பார்த்துக் கேட்டவன் அவன். இப்போது கண்ணுக்குக் கீழே இருந்த தழும்பு, தலையைச் சாய்க்கிற விதம், எல்லாமே புதிதாகத் தெரிந்தன.

“உங்களோடு உள்ளே போனவர்கள் இன்னும் சிறையில் இருக்கிறார்கள்” என்றான். “உங்களை மட்டும் ஏன் சீக்கிரம் விட்டார்கள்?”

இத்தனை வருடங்களில் அவன் கேட்காத கேள்வி. கேட்டு முடித்ததும் தன் குரல் அவனுக்கே யாருடையதோ போல இருந்தது.

வாசல் கதவின் வளையத்தை யாரோ மெல்லத் தட்டினார்கள். சற்று விட்டு மறுபடியும் தட்டினார்கள். தலைமையின் ஆள் தட்டுகிற விதம்.

மாஹ்ரூ திரைக்குப் பின்னால் போனார். சுருட்டியிருந்த பாயை விரித்து உட்கார்ந்தார். ஆறிப்போன தேநீரைக் கையில் எடுத்துக்கொண்டு, திரையை இழுத்து மூடினார். அவர் முகம் மறைந்தது. குரல் மட்டும் வந்தது.

“போய்க் கதவைத் திற, கயூமர்ஸ். திரைக்கு இந்தப் பக்கம் இருப்பது யார் என்று அவனிடம் நீயே சொல்.”